சாம்பார் இல்லாத பந்தி

பங்குனி பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரிதான் தொடங்கும். "அக்கா, அழகருக்கு நம்ம வீட்டுக்கு வந்துருவீங்கல்ல?" வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு, எத்தனை பேர் என்று கேட்பேன். அங்கேதான் பேச்சு தடுமாறும். "இருபது பேரு... சரி, முப்பதுன்னு வெச்சுக்கங்க. மேலூர்க்காரங்களும் வந்தா நாப்பது." மேலூர்க்காரர்கள் வராமல் போன வருஷமே கிடையாது. நான் ஐம்பதுக்குச் சரக்கு எழுதிக்கொள்வேன்.

மதுரையில் தல்லாகுளம், மதிச்சியம், ஆழ்வார்புரம் என்று வைகையின் வடகரையில் வீடு இருப்பவர்களுக்குச் சித்திரையில் மூன்று நாள் கதவைச் சாத்தும் பழக்கம் இல்லை. அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்கு வந்தவர்கள், அவர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வந்தவர்கள், "சும்மா இந்தப் பக்கம் வந்தோம், காலை நீட்டிட்டுப் போறோம்" என்று வருகிறவர்கள். அவர்களுக்குச் சோறு போடுவது என் தொழில். மண்டபச் சமையல் எனக்கு ஒத்துவராது. இருபதிலிருந்து அறுபது பேர் வரை, வீட்டிலேயே நடக்கும் காதுகுத்து, வளைகாப்பு, பால்காய்ச்சு, இந்தத் திருவிழாக் கூட்டம், அவ்வளவுதான் என் எல்லை. 1998-ல் ஆரம்பித்தேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷத்தில் அழகர் ஆற்றில் இறங்குவதை நான் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. விடிகாலையில் அவர் தங்கக் குதிரையில் வரும்போது நான் யாரோ ஒருவர் வீட்டில் மாங்காய் நறுக்கிக்கொண்டிருப்பேன். ஹாலில் டிவி ஓடும். "பச்சைப் பட்டா, பச்சைப் பட்டா?" என்று கத்துவார்கள். பச்சை உடுத்தி வந்தால் அந்த வருஷம் விளைச்சல் செழிக்கும் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. கத்தியும் கையுமாக எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

தொழில் சொல்லிக்கொடுத்தவர் என் மாமனார். கோட்டை அடுப்பில் அண்டா ஏற்றிக் கல்யாணக் கூட்டத்துக்குச் சமைத்த கை. எழுதப் படிக்கத் தெரியாது. சரக்கு லிஸ்ட்டை அவர் வாயால் சொல்ல நான் எழுதுவேன். எழுதி எழுதித்தான் கற்றுக்கொண்டேன். தை மாத லிஸ்ட்டும் சித்திரை மாத லிஸ்ட்டும் அவர் வாயில் ஒன்றுபோல வராது. தையில் ஒரு கிலோ அரிசிக்கு எட்டுப் பேர் என்பார். சித்திரையில் அதே ஒரு கிலோ பத்துப் பேரைத் தாண்டும். பருப்பு பாதியாகும், தயிர் இரண்டு மடங்காகும். தேங்காய்க்கு வரும்போது ஒரு விரலைத் தூக்குவார்: "எண்ணி எழுது." ஏன் மாமா என்று கேட்டதற்கு அவர் சொன்னது இன்றைக்கும் என் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது. "வெயிலுக்குப் பசி எடுக்காது தாயி. தாகந்தான் எடுக்கும். நாம தாகத்துக்குச் சமைக்கணும்."

மீனாட்சி கல்யாணம் முன்பு மாசியில் நடந்தது, அதைச் சித்திரையில் அழகர் விழாவோடு சேர்த்துவைத்தவர் திருமலை நாயக்கர் என்று சொல்வார்கள். சேர்த்ததுதான் சேர்த்தார், அழகரை மாசிக்குக் கூட்டிப் போயிருக்கலாம். சமையல்கட்டில் ஒருவரையும் கேட்டிருக்க மாட்டார்.

மாமனார் சொன்னதைக் காதில் வாங்கினேனே தவிர கையில் வாங்கவில்லை. அது எனக்குத் தெரிந்தது 2001-ல். ஒரு வீட்டில் காதுகுத்து, நாற்பத்தைந்து பேர். அவர் துணை இல்லாமல் நான் தனியாகப் பிடித்த முதல் பெரிய வேலை. வெயில் ஏறுவதற்குள் பாதியை முடித்துவிடலாம் என்று கெட்டிக்காரத்தனமாக நினைத்து, விடிகாலை நாலு மணிக்கே வெண்பூசணி சாம்பாரை இறக்கிவிட்டேன். தேங்காய் அரைத்து ஊற்றி, கொதிக்கக் கொதிக்க மூடி, மூலையில் வைத்தாயிற்று. பன்னிரண்டரைக்கு முதல் பந்திக்கு இலை போட்டார்கள். மூடியைத் திறந்தேன். ஓரத்தில் சின்னச் சின்னதாக நுரை. கரண்டியை விட்டால் வாசனை மூக்கில் ஏறியது. ஊசிப்போயிருந்தது.

பெரிய அண்டாவில் மூடிவைத்த குழம்பு சூடாகவும் நிற்காது, ஆறவும் ஆறாது. மணிக்கணக்கில் வெதுவெதுப்பிலேயே கிடக்கும். கிருமிக்கு அதைவிட நல்ல தொட்டில் வேண்டியதில்லை. பல வருஷம் கழித்து உணவுப் பாதுகாப்புப் பயிற்சி ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே சமைத்த உணவை நிறுத்தி வைக்காதீர்கள், ஒன்று கொதிசூட்டில் வையுங்கள், இல்லையென்றால் குளிரில் வையுங்கள் என்றார்கள். சித்திரை மதியம் மதுரையில் 40 டிகிரி. அடுப்பெரியும் சமையல்கட்டில் இன்னும் கூட. நான் நின்று வேலை பார்க்கும் இடமே அந்தக் கோட்டுக்குள்தான் இருக்கிறது.

அன்றைக்கு என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். அண்டாவைக் கொல்லையில் கவிழ்த்தேன். தெருமுனைக் கடையில் இருந்த தயிரை மொத்தமாக வாங்கி வரச் சொல்லி, கால் மணி நேரத்தில் ஒரு மோர்க்குழம்பும், ஏற்கெனவே கரைத்து வைத்திருந்த புளியில் கூடுதலாக ரசமும் வைத்தேன். பந்தி நகர்ந்தது. சாம்பார் எங்கே என்று கேட்டவர்களுக்கு வீட்டுக்காரம்மா ஏதோ சொல்லிச் சமாளித்தார். சாயங்காலம் கூலியில் முந்நூறு ரூபாயைப் பிடித்துக்கொண்டு கொடுத்தார். அந்த வீட்டிலிருந்து அப்புறம் எனக்கு அழைப்பே வந்ததில்லை. நியாயம்தான்.

அதற்குப் பிறகு சித்திரை, வைகாசி மதியப் பந்தியில் சாம்பாரை எடுத்துவிட்டேன். இதைச் சொன்னதும் வீட்டுக்காரர்கள் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும். "சாம்பார் இல்லாம எப்படிக்கா? வந்தவங்க என்ன பேசுவாங்க?" ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர், "கருமாதிக்குக்கூட சாம்பார் வைப்பாங்களேம்மா" என்றே கேட்டுவிட்டார். என் வேலையில் முக்கால்வாசி சமைப்பது இல்லை, இந்தப் பேச்சைத் தாங்குவதுதான். கொண்டைக்கடலைக் குருமா வேண்டாம், தேங்காய்ச் சட்னி வேண்டாம், உருளைக்கிழங்கு மசாலாவை முந்தின ராத்திரியே செய்து வைக்க வேண்டாம், பன்னீர் பட்டர் மசாலாவை எனக்காகவாவது விட்டுவிடுங்கள் என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவேன். லிஸ்ட்டில் பதினெட்டு ஐட்டம் இருந்தால் ஒன்பதில் வந்து நிற்கும். அந்த ஒன்பதும் இலைக்கு வரும்போது உயிரோடு இருக்கும்.

என் நோட்டில் இடப்பக்கம் பதார்த்தத்தின் பெயர் இருக்காது, மணி இருக்கும். சாப்பிடும் மணியிலிருந்து பின்னோக்கி எழுதிக்கொண்டு வருவேன். தேங்காய் சேர்ந்தது எதுவும் சாப்பிடும் நேரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அடுப்பை விட்டு இறங்கக் கூடாது. கீரை பந்திக்குக் கடைசியில். புளியும் நல்லெண்ணெயும் பிடித்தது எதுவானாலும் விடிகாலையில் செய்யலாம், பயமில்லை. ஆறவைக்க வேண்டியதை அகலமான தட்டுகளில் பரப்பி, அடியில் தண்ணீர் நிற்கும் தாம்பாளத்தில் வைத்து, மெல்லிய துணி போர்த்திவிடுவேன். மூடி போடுவது ஆறிய பிறகுதான்.

மூன்று நாள் சாப்பாட்டையும் அழகர் போகும் வழியை வைத்துத்தான் திட்டம் போட வேண்டும். எதிர்சேவை அன்றைக்கு ஜனம் சாயங்காலம் தல்லாகுளம் பக்கம் போனால் எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. ஒன்பதுக்கு ஒருவர், நடுராத்திரிக்கு நாலு பேர். அன்றைக்குப் பொடி இட்லி. இட்லி சூடாக இருக்கும்போதே மிளகாய்ப்பொடியையும் நல்லெண்ணெயையும் இரண்டு பக்கமும் தடவி, ஆறவிட்டு, வாழையிலை போட்ட தூக்கில் அடுக்கிவிட்டால் சட்னி தேடவேண்டியதில்லை. யார் எப்போது வந்தாலும் எடுத்துத் தின்னலாம். யாரும் எழுந்து போய் யாருக்கும் பரிமாற வேண்டாம்.

மறுநாள் விடியுமுன்பே எல்லோரும் ஆற்றுக்குக் கிளம்பிவிடுவார்கள். அணையைத் திறந்து விட்ட தண்ணீர் ஆற்றில் கொஞ்சம் ஓடும். செம்பில் சர்க்கரை நிரப்பி, வாழையிலையால் வாய் கட்டி, மேலே சூடம் ஏற்றிப் பெண்கள் நிற்பார்கள். ஒன்பது, பத்து மணிக்குத் திரும்பி வரும்போது பாதிப்பேர் நனைந்திருப்பார்கள், மீதிப்பேர் கருகியிருப்பார்கள். அந்த நேரத்தில் எவ்வளவு நல்ல டிபனை நீட்டினாலும் கை போகாது. திண்ணையில் இரண்டு பானை இருக்கும். ஒன்றில் பானக்கரம், ஒன்றில் நீர்மோர். பக்கத்தில் பத்து டம்ளர், உப்பு தூவிய வெள்ளரிப்பிஞ்சு. யாரும் யாரையும் உபசரிக்க வேண்டியதில்லை. செருப்பைக் கழற்றும்போதே ஒரு டம்ளர் உள்ளே போய்விடும்.

பானக்கரம் என்று நான் சொல்வது எங்கள் கிராமத்துப் புளிப் பானகம். எலுமிச்சைப் பானகத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எலுமிச்சை பிழிந்தது நேரம் ஆக ஆகக் கசக்கும். புளி அப்படியே நிற்கும். ஒரு கிலோ வெல்லத்துக்கு ஆறு லிட்டர் தண்ணீர், பெரிய எலுமிச்சை அளவில் இரண்டு உருண்டைப் புளி, சுக்கு, ஏலக்காய், கட்டாயமாக ஒரு சிட்டிகை உப்பு. வெல்லத்தில் மண் இருக்கும், துணியில் வடிகட்ட வேண்டும். மோருக்கு ஒரு லிட்டர் தயிருக்கு நாலு லிட்டர் தண்ணீர். கடைந்து வெண்ணெயை எடுத்துவிட்டு, தட்டிய இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம். பானையை ஈர மணலில் உட்காரவைத்து, மேலே ஈரத்துணி சுற்றிவிடுவேன். எங்கள் ஊர் வறண்ட வெயிலுக்கு அதுவே போதும். சென்னையில் ஒரு வீட்டில் இதே வித்தையைச் செய்து காட்டப்போய் அவமானப்பட்டேன். கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம். துணி காய்ந்தால்தானே பானை குளிரும்? ஐஸ் வேண்டுமென்று கேட்பவர்களுக்காக மூன்று நாள் முன்பிருந்தே கொதித்து ஆறிய தண்ணீரை டிபன் பாக்ஸ்களில் ஊற்றி உறைய வைத்துவிடுவேன். மீன் பெட்டிக்குப் போகும் ஐஸ் கட்டியை உடைத்து மோரில் போடுவதைக் கண்ணால் பார்த்தவள் நான்.

மதியப் பந்தி எளிமையானது. வெண்பூசணி மோர்க்குழம்பு, கத்தரிக்காயும் மாங்காயும் போட்ட புளிக்குழம்பு, சுரைக்காய்க் கூட்டு, புடலங்காய்ப் பொரியல், வெல்லம் போட்ட மாங்காய்ப் பச்சடி, தெளிவான ரசம், அப்பளம், வடகம், மோர். நீர்க்காய்களின் மாதம் இது. சுரை, பீர்க்கு, புடலை, பூசணி எல்லாம் சீக்கிரம் வேகும், அடுப்புக்கு முன்னால் நிற்கும் நேரம் குறையும். சமைப்பவளும் வெயிலில்தான் இருக்கிறாள் என்பதை யாரும் லிஸ்ட்டில் எழுதுவதில்லை. சின்ன வயசில் அதை நானும் எழுதவில்லை, இப்போது எழுதுகிறேன்.

இனி தயிர்சாதம். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி.

தயிர்சாதத்தில் தயிர் குறைவாகத்தான் இருக்க வேண்டும். ஒரு கிலோ பச்சரிசியை ஐந்து பங்கு தண்ணீரில் குழைய விட்டு, சூட்டோடு மத்தால் மசித்து, காய்ச்சி ஆறிய பால் இரண்டு லிட்டர் ஊற்றிக் கலக்கி, அகலத்தட்டில் பரப்பிவிட வேண்டும். பார்க்கப் பாயசம்போலத் தண்ணியாக இருக்கும். பயந்து பாலைக் குறைக்காதீர்கள். சோறு அதைக் குடித்துக்கொள்ளும். புறங்கையை வைத்தால் சுடாத அளவுக்கு வந்த பிறகு கால் லிட்டர் புளிக்காத தயிர், அவ்வளவே. சூட்டில் தயிரை ஊற்றினால் திரிந்துவிடும், இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் புளிக்கும். ஆறியபின் ஊற்றினால் சாப்பிடும் நேரத்துக்குச் சரியாக உறைந்து, புளிப்பு தொட்டும் தொடாமலும் நிற்கும். மதியம் கலந்தால் சாயங்காலத்துக்கு, சாயங்காலம் கலந்தால் ராத்திரிக்கு. அதற்கு மேல் வைத்திருக்கக் கூடாது. கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய் தாளிப்பு. மாதுளை முத்தும் திராட்சையும் போட்டோவுக்கு அழகாக இருக்கிறது. கிளிமூக்கு மாங்காயைப் பொடியாக நறுக்கிப் போட்டால் நாக்குக்கு அழகாக இருக்கும். வெள்ளரிக்காயை மட்டும் முன்கூட்டியே கலக்காதீர்கள், தண்ணீர் விட்டு எல்லாவற்றையும் கெடுத்துவிடும். தொட்டுக்கொள்ள மாவடு, மோர் மிளகாய். மோர் மிளகாய் மாசிக் கடைசியில் போட்டுக் காயவைத்தது, அதுவும் திட்டத்தில் சேர்ந்ததுதான்.

சித்ரா பௌர்ணமி ராத்திரி அந்தத் தயிர்சாதம் மொட்டை மாடிக்குப் போகும். ஐந்து மணிக்கே மாடித் தரையில் தண்ணீர் தெளித்துவிடச் சொல்வேன். முதல் குடம் ஆவியாகிவிடும், இரண்டாவது குடத்தில்தான் தரை பேச்சைக் கேட்கும். நிலாச்சோற்றுக்கு இலை வேண்டாம், பரிமாற ஆள் வேண்டாம். வீட்டில் மூத்தவர் ஒருவர் பாத்திரத்தைச் சுற்றி எல்லோரையும் உட்காரவைத்து, புளிச்சோறு ஒரு உருண்டை, தயிர்சாதம் ஒரு உருண்டை என்று உள்ளங்கையில் வைத்துக்கொண்டே போவார். பெங்களூரில் இருந்து வந்த பிள்ளைகள், வீட்டில் ஸ்பூன் இல்லாமல் சாப்பிடாதவை, கையை நீட்டிக்கொண்டு முட்டிமோதும். முப்பது பேருக்கு ராத்திரிச் சாப்பாடு முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். கழுவ வேண்டியது இரண்டே பாத்திரம்.

ஒரு வருஷம் மாடியில் நான் கவனித்தேன்: எல்லோர் கையிலும் உருண்டை இருக்கிறது, வீட்டுக்காரம்மாவைக் காணோம். கீழே பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டால், யாராவது காப்பி கேட்டால்? அந்த அம்மா அதுவரை ஒரு பந்தியிலும் உட்காரவே இல்லை. அதிலிருந்து நான் ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டேன். மதிய முதல் பந்தியில் கடைசி இலை வீட்டுக்காரம்மாவுக்கு, மறுத்தால் பந்தி பரிமாற மாட்டேன். இதைச் சில மாமியார்கள் ரசிப்பதில்லை. ஒருவர், "காசு வாங்கிட்டு சமைக்க வந்தவ எங்களுக்கு முறை சொல்றாளா?" என்று என் காதுபடவே கேட்டார். சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மூன்றாம் நாள் காலைக்கு நான் தனியாக எதுவும் சமைப்பதில்லை. பழையது. முதலில் யோசனை சொன்னபோது வீட்டில் எல்லோரும் பதறினார்கள், விருந்தாளிக்குப் பழைய சோறா என்று. இப்போது மண்சட்டியில் பழைய சோறு விற்கும் கடைகள் மதுரையிலேயே வந்துவிட்டன, பேச்சு மாறிவிட்டது. ஒரு எச்சரிக்கை மட்டும். மீந்த சோற்றைப் பாத்திரத்தில் அப்படியே மூடிவைத்து மறுநாள் எடுப்பது பழையது ஆகாது. கொதித்தாலும் சாகாத பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா சோற்றில் இருக்கும், வெதுவெதுப்பில் விழித்துக்கொள்ளும் என்று அந்தப் பயிற்சியில் சொன்னார்கள். சோறு ஆறியதும் தாமதிக்காமல், மூழ்க மூழ்கத் தண்ணீர் ஊற்றினால்தான் அது தன்போக்கில் புளித்துப் பழையது ஆகும். காலையில் பிழிந்து, மோர் ஊற்றி, உப்பு போட்டு, சின்ன வெங்காயமும் சுண்டவத்தல் குழம்பும் வைத்தால், ஐந்து கிலோ சோறும் எட்டு மணிக்குள் காலி.

கொரோனாவால் 2020-லும் 2021-லும் அழகர் ஆற்றுக்கு வரவில்லை. நோட்டில் அந்த இரண்டு சித்திரையும் வெறும் பக்கம். ஒரு நாள் பழக்கதோஷத்தில் வீட்டில் நாலு பேருக்கு நாலு லிட்டர் மோர் கரைத்துவிட்டு, தெருவில் ரோந்து நின்ற போலீஸ்காரர்களுக்குக் கொடுத்தனுப்பினேன்.

போன வருஷம் ஆழ்வார்புரத்தில் ஒரு வீடு. அழகர் இறங்கி முடிந்து, கூட்டம் திரும்பிக்கொண்டிருந்த நேரம். முதல் பந்திக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நான் கொல்லைப் பக்கம் அடுப்பில் புளிக்குழம்பைச் சுண்டவிட்டு, திண்ணைப் பானையில் மோர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வெளியே வந்தேன். ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். அழகர் வேஷம், தலையில் உருமால், தோளில் தண்ணீர் பீய்ச்சும் தோல்பை, உடம்பெல்லாம் சந்தனமும் வேர்வையும். "மோர் குடிக்கலாமாத்தா?" குடி என்றேன். ஒரு டம்ளர், இரண்டு, மூன்று. நாலாவதை முகத்தில் ஊற்றிக்கொள்ளப் போனான், கையைப் பிடித்து நிறுத்தினேன், மோர் அதுக்கில்லை.

"நீங்க ஆத்துக்குப் போகலையாத்தா?"

போகவில்லை, அடுப்பு இருக்கிறது என்றேன். அவன் பையை ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்தான். உள்ளே இன்னும் கொஞ்சம் இருந்தது போலிருக்கிறது. நான் சுதாரிப்பதற்குள் துருத்தியைத் தூக்கி என் தலைமேல் பீய்ச்சிவிட்டான். பன்னீர் வாசனையோடு தண்ணீர் கண்ணில், கழுத்தில், முதுகில் இறங்கியது. திண்ணையின் ஓரத்தில் காலையில்தான் துணி விரித்துக் கூழ்வடகம் ஊற்றியிருந்தேன். அதிலும் பாதி நனைந்துபோயிற்று.

"ஏலே, வடகம்டா!" என்று கத்தினேன்.

"அழகர் தண்ணித்தா, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக்கொண்டே அவன் தெருவில் இறங்கி ஓடினான். நனைந்த துணியின் இரண்டு முனையையும் பிடித்து, வெயில் விழும் பக்கமாக இழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனேன். குழம்பு அடிபிடிக்கிற வாசனை வந்தது.